சத்தமாக வாசிக்க ஓர் இடம்

"இங்கன சத்தம் போட்டு வாசிச்சா ஏதும் சொல்வீகளா?"

உத்தமபாளையம் நூலகத்தில் அந்த அம்மா இப்படிக் கேட்டதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தோம். பக்கத்தில் அவர் கணவர் தலைகுனிந்து நின்றார்.

நூலகர் சிரித்துவிட்டார். "நூலகத்துலயாம்மா?"

"பக்கவாதம் வந்து இவுகளுக்குப் பேச்சு போயிருச்சு தாயி. இப்பத்தான் ஒண்ணு ரெண்டு வார்த்தை வருது. தெனமும் சத்தமா வாசிக்கணும்னு டாக்டர் சொன்னாக. வீட்டுல மருமக கேட்டுருவான்னு வாயே தெறக்க மாட்டேங்கிறாக."

"இங்க இத்தன பேரு இருக்காகளே?"

"முன்னாடி இவுக எப்படிப் பேசுவாகன்னு இங்கன யாருக்கும் தெரியாதுல்ல."

நூலகர் எங்களைப் பார்த்தார். சன்னலோரம் இருந்த பாய் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் பேப்பரை நீட்டினார். "வாசிங்கண்ணே, நான் கேட்டுக்கிறேன்."

கணவர் உட்கார்ந்து, வரியில் விரலை வைத்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. யாரும் பக்கம் புரட்டவில்லை.

"பெ... பெரியாறு... அணை..."

"தண்ணி எம்புட்டு நிக்குதாம்ணே?" என்று பாய் அவசரப்பட்டார்.

"இருய்யா... வாசிக்கிறேன்ல!"

அந்த அம்மா நூலகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீகளா தாயி? பழையபடி அதட்டுறாக!"