சிங்கம் தின்ற கீரை

“சிங்கம் கீரையத் தின்னலாமாலே?”

துபாயில், அல் குசைஸ் லேபர் கேம்ப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்மோடு இரண்டு நாகர்கோவில்காரர்கள். கேட்டவருக்குப் பக்கத்தில் இருந்தவர், ஏசி வந்த அட்டைப்பெட்டியில் செய்த சிங்கத் தலையை மடியில் வைத்திருந்தார்.

“அந்தச் சீனக் கார்ட்டூன் படத்துல சிங்க ஆட்டம் பாத்தோம்லா. தொங்குற கீரையச் சிங்கம் கடிச்சு, கூட்டத்தப் பாத்துத் துப்பணும். அதுதான் ராசி. ரிகர்சல்ல நீ முழுங்கிட்ட.”

“டியூட்டி முடிஞ்சு நேரா வந்தேன். பசி.”

“சிங்கத்துக்குப் பின்னங்காலா குனிஞ்சே நின்ன எனக்குப் பசிக்காதா? இப்படி ஆடுனா இந்த வருசமும் ஆட்டப் போட்டில கப்பு மெஸ்காரனுவ டீமுக்குத்தான்.”

தலைக்காரர் சிங்கத்தின் வாயை மூடிவைத்தார்.

“வெள்ளிக்கிழமை கேம்ப் விழாவுல கீரைக்குப் பதிலா பாவக்காய் கட்டுவேன். அப்பத் துப்புவல்லா.”

பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது.

“மக்கா, பாவக்காய் பச்சையாவா, வறுத்தா?”