நாலாவது டேபிளுக்கு நேர் மேல

மூடித்தான் இருந்துச்சு தம்பி. மூடாம? காலையில ஏழரைக்கே உங்க ரோபோ போட்டி ஆளு ஒருத்தர் வந்து, அம்மா, ஒரு பொட்டு வெயில் உள்ள வரக்கூடாது, ரோபோவுக்குக் கண்ணு கூசும்னு சொல்லிட்டுப் போனாரு. பதினாலு ஜன்னல். பதினாலுக்கும் திரைய இழுத்து, ஓரத்துல துணி கிளிப் மாட்டி, ஸ்டூல் மேல ஏறி ஏறி இறங்கி, என் இடுப்பே கழண்டு போச்சு. இந்த ஹால்ல வேலைக்குச் சேந்து ஒம்பது வருஷம் ஆகுது, எனக்குக் கண்ணு கூசுமேன்னு ஒருத்தரும் ஒரு திரை இழுத்து விட்டதில்ல. அடுத்த பிறவியிலயாவது ரோபோவாப் பொறக்கணும்.

உக்காருங்க. இந்த பால்கனிக்கு மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது பாருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அந்த நடுவர் விசிலையும் கழுத்துலேர்ந்து கழட்டுங்க, நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல.

நாலாவது டேபிளுக்கு நேர் மேல இருக்கற ஜன்னலா? அதுவும் பதினாலுல ஒண்ணுதானே. அதையும்தான் மூடினேன்.

புரியுது, புரியுது. மூணு மணி சுமாருக்கு அந்தப் பொண்ணோட ரோபோ டேபிள்ல போட்டிருக்கற கறுப்புக் கோட்ட விட்டு விலகிப் போயிடுச்சு, அப்ப மேலேர்ந்து வெளிச்சம் எதாவது விழுந்துச்சான்னு கேக்கறீங்க. என்கிட்ட கேட்டா எப்படி? நான் ஹால் பாத்துக்கறவ. பெருக்குவேன், பூட்டுவேன், லைட்டு போடுவேன். ரோபோவப் பத்தி எனக்கு என்ன தெரியும். காலையிலேர்ந்து காதுல விழுந்தத வேணா சொல்றேன், தப்பா இருந்தா நீங்க திருத்துங்க.

மொதல்ல ஒரு பெட்டி வச்சீங்க, ரோபோ அதுக்குள்ள அடங்கணும்னு. ஒரு குழந்த ஆசையா தன் ரோபோ தலையில காகிதக் கொடி ஒண்ணு சொருகி வச்சிருந்துச்சு. அது ஒரு விரக்கடை மேல நீட்டிக்கிட்டு நின்னதுக்கு, என்னமோ கொலை விழுந்த மாதிரி மூணு நடுவர் கூடி நின்னு பேசினீங்களே. கொடியப் பிச்சு எறிஞ்ச பிற்பாடுதான் உள்ள விட்டீங்க. அப்புறம், வீட்டுல செஞ்சத அப்படியே தூக்கிக்கிட்டு வரக்கூடாது. துண்டு துண்டாக் கழட்டி டப்பாவுல போட்டுக் கொண்டாந்து, இங்க உக்காந்து, ஒரு படத்தக் கூடப் பாக்காம ஒண்ணர மணி நேரத்துல மாட்டி முடிக்கணும். அது நல்ல ரூல் தம்பி, நான் அதக் குத்தம் சொல்ல மாட்டேன். டப்பாவத் தொறக்கச் சொன்னதும் பாதி அப்பாங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. வீட்டுல மாட்டினது யாருன்னு அப்பவே வெளிச்சமாயிடுச்சே.

கயித்தக் கட்டி, பெத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம்னு நிறுத்தினீங்க. பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது, பெத்தவங்க தலையிட்டா அந்த ரவுண்டு சைபர். ஒருத்தர் விடாம இருமிக்கிட்டே இருந்தாரே, கவனிச்சீங்களா? சின்னச் சக்கரம்னா ஒரு இருமல், பெரிய சக்கரம்னா ரெண்டு. நான் பேசாம போயி ஒரு டம்ளர் வெந்நீர நீட்டினேன். குடிங்க சார், தொண்டைக்கு நல்லதுன்னேன். அதோட இருமல் நின்னுடுச்சு. உங்க விசிலால முடிஞ்சுதா அது?

போனையும் வாங்கிக்கிட்டீங்க. ரோபோவுக்கு யாரும் தூரத்துலேர்ந்து தகவல் அனுப்பிடக் கூடாதுன்னு, எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு உருளைக்கிழங்கு மூட்ட மாதிரி ஓரமா வச்சீங்க. என்கிட்டயா? என்கிட்ட யார் கேட்டா. துடப்பம் வச்சிருக்கறவகிட்ட போனும் இருக்கும்னு உங்களுக்கு எங்க தோணப்போகுது.

ஓடறதுக்கும் ஒரு ரூல். பட்டன ஒரே ஒரு தடவ அமுக்கணும், கைய எடுத்துடணும். ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் அது முட்டினாலும் தொடக்கூடாது, குப்புற விழுந்தாலும் தொடக்கூடாது. தொட்டா ரவுண்டு முடிஞ்சுது. இத எழுதினவரு வீட்டுல புள்ளைங்க நல்லா வளந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்த ஒல்லிக்குச்சிப் பொண்ணா? கவனிக்காம என்ன. அவங்க டீமோட ரோபோவுக்கு நத்தைன்னுதானே பேரு. மத்ததெல்லாம் வால்ல தீ வச்ச மாதிரி ஓடுதுங்க, இது மட்டும் மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போகுது. ஆனா கோட்ட விடல தம்பி. மொத ரவுண்டுல டேபிள்ல வச்ச ஆறு கலர் கட்டையில ஆறையும் நிறம் பாத்துக் கொண்டாந்து அதது இடத்துல வச்சுது. ரெண்டாவதுல அஞ்சு. மூணாவதுல ஒரு நாலு வச்சிருந்தாப் போதும், பெரிய போட்டிக்குப் போயிருக்கும். என்ன வச்சுது? ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் தலை சுத்தின மாதிரி ஒரே இடத்துல வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

அது எதனாலன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ரோபோ வயித்துக்கு அடியில சின்னதா ஒரு கண்ணு இருக்கு. காலையில புள்ளைங்க எல்லாம் மண்டி போட்டுக்கிட்டு, அதுக்கு வெள்ளையக் காட்டி ஒரு நம்பர், கறுப்பக் காட்டி ஒரு நம்பர் எழுதிக்கிட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பரப் பிடிச்சு, இதுக்குக் கீழன்னா கோடு, மேலன்னா வெறுந்தரைன்னு ரோபோவுக்குச் சொல்லி வைக்கறாங்க. காலையில இருந்த அதே வெளிச்சம் இருந்தாத்தான் அது செல்லும். திடீர்னு வெயில் விழுந்தா கறுப்பே வெள்ளையாத் தெரியும், கோடு எங்க போச்சுன்னு தேடும். அவ்வளவு பெரிய விஷயம் ஒண்ணும் இல்லையே.

பெருக்கறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? பெருக்கறவளுக்கும் ரெண்டு காது இருக்கு தம்பி.

ஓ, ரோபோவுக்குள்ளயே பதிவாயிருக்கா? முப்பத்தெட்டாவது செகண்டு வரைக்கும் நம்பர் ஒழுங்கா இருந்து, அப்புறம் ஒரே தாவாத் தாவி, பதினோரு செகண்டு கழிச்சுத் தானா எறங்கிடுச்சா. அப்ப ரோபோவே வாக்குமூலம் குடுத்துடுச்சுன்னு சொல்லுங்க. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?

அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? நம்பர நான்தான் தப்பா வச்சுட்டேன்னு சொல்லுதா? இதென்ன கூத்து. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க கூடம் நெசமாவே கோணல், ஆடினவ எனக்குத்தான் ஆடத் தெரியலன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கா. மார்க்கு சீட்டுல அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுடுச்சா? இன்னும் இல்லயா, போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாதே. நல்லது.

எத்தன நிமிஷம் இருக்கு புகாருக்கு? எட்டா.

புகார புள்ளைங்கதான் குடுக்கணும், அரை மணிக்குள்ள குடுக்கணும், அது எனக்கும் தெரியும். புகாரே வரலன்னாலும் கண்ணால பாத்த சாட்சி இருந்தா நடுவரே எழுதலாமா? அதான் மாடி ஏறி வந்தீங்களா. உங்களுக்கு நல்ல மனசு தம்பி. உங்கள மாதிரி ரெண்டு பேரு இந்த ஹால் ஆபீஸ்ல இருந்தா நான் ஏன் இப்படிப் பேசிக்கிட்டு இருக்கப் போறேன்.

காத்துன்னு எழுதலாமான்னா? நான் தலைய ஆட்டினா எழுதிடுவீங்கதான். ஆனா காத்தடிச்சா பதினாலும் ஆடும். கிளிப்பக் கழட்டி, ஒரு திரைய மட்டும் ஒதுக்கி, பதினோரு செகண்டு கழிச்சு மறுபடியும் இழுத்து விடற காத்த நான் பாத்ததில்ல. அதுவும் இல்லாம, வெயில், மேகம், காத்து எல்லாம் புள்ளைங்க பொறுப்பு, அதுக்கெல்லாம் இன்னொரு ரவுண்டு கிடையாதுன்னு காலையில மைக்குல நீங்கதானே படிச்சீங்க. மனுஷங்க யாராவது குறுக்க வந்து கெடுத்தாத்தான் உண்டு. ரூல எழுதினவங்கள விட நான் நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், என்ன பிரயோஜனம்.

எங்க மேனேஜரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. போன மாசம் வாட்ச்மேன் ஒரு ஃபேன அணைக்க மறந்துட்டாருன்னு அன்னைக்கே கணக்க முடிச்சு வீட்டுக்கு அனுப்பினாரு. இன்னைக்குக் காலையில எங்க நாலு பேரையும் வாசல்ல நிக்க வச்சு, எவ ஒருத்தி திரையத் தொட்டாலும் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்னு சத்தம் போட்டாரு. சத்தம்னா தெரு முனை வரைக்கும் கேக்கும். அந்த நேரம் பாத்து டப்பாவத் தூக்கிக்கிட்டு புள்ளைங்க எல்லாம் உள்ள வந்துக்கிட்டு இருந்துச்சுங்க. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் போச்சுங்க. அந்த ஒல்லிக்குச்சியும் கேட்டுச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு, நான் பாத்தேன்.

மணி என்ன ஆச்சு? பேசிப் பேசியே உங்க நேரத்தத் தின்னுட்டேன். சரி, எழுதுங்க. நான்தான் ஒதுக்கினேன்.

ஆமா, நான்தான். அப்படிப் பாக்காதீங்க. வேணும்னு செய்யல. வேணும்னு செய்யறவ ரெண்டு விரல் அளவுக்கா ஒதுக்குவா, முழுசா இழுத்து விட்டுட்டுப் போக மாட்டாளா. ஒரு போட்டோ எடுக்கணும்னு தோணுச்சு. மேலேர்ந்து பாத்தா இருட்டுல முகமே தெரியல, வெறும் தலை உச்சிதான் தெரியுது. கொஞ்சூண்டு வெளிச்சம் விழுந்தா நல்லா இருக்குமேன்னு கை போயிடுச்சு. இந்தக் கை இருக்கே. காலையில பதினாலு திரையையும் இழுத்து மூடினது இதே கைதான். தொறந்தா என்ன ஆகும்னு மத்த யாரையும் விட எனக்குத்தான் நல்லாத் தெரியும். ஆனா பட்டன அமுக்கிட்டுக் கையத் தூக்கிக்கிட்டு அது நின்ன நிலையப் பாத்ததும் எல்லா ரூலும் மறந்து போச்சு. மறந்தே போச்சு தம்பி.

ரோபோவ போட்டோ எடுக்கறதுக்கா? ரோபோவ எதுக்கு எடுக்கப் போறேன். மூணு மாசமா எங்க சாப்பாட்டு டேபிள் மேலதானே அது கிடக்கு. தட்டு வைக்க எடம் இல்லாம நானும் அவளும் தரையில உக்காந்து சாப்பிடறோம். நம்பர், வெள்ளை, கறுப்பு, வெளிச்சம்னு ஒப்பிச்சு ஒப்பிச்சு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லுவேன். என் பொண்ணத்தான் எடுத்தேன். வேற யாரப் போயி எடுக்கப் போறேன்.

யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சொல்லி வச்சேன். ஹால்காரி பொண்ணு, முன்னாடியே வந்து ஓட்டிப் பாத்திருப்பா, அதான் நத்தை கோட்ட விடலன்னு நாலு பேரு நாக்க நீட்டி பேசுவாங்க. பதிமூணு வயசுல அது அவளுக்குத் தேவையா? ஹால்ல என்னப் பாத்தா பாக்காத மாதிரி போ, அம்மான்னு கூப்பிடாதேன்னு சொன்னேன். சொன்னபடியே ரெண்டு தடவ என்னத் தாண்டிப் போனா, திரும்பிக் கூடப் பாக்கல. பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு.

தெரியும். பெத்தவங்க தலையிட்டா சைபர். அதையும்தான் நானே உங்களுக்கு ஒப்பிச்சேனே. ஹால்காரி கெடுத்தான்னு எழுதினா அவளுக்கு இன்னொரு ரவுண்டு, எனக்கு வேலை போச்சு. அம்மாக்காரி கெடுத்தான்னு எழுதினா அவளுக்கு ரவுண்டும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல. ஒரே ஒண்ணு சொல்றேன், கேட்டா கேளுங்க. பெத்தவங்க எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னப்ப, என்ன யாரும் அந்தப் பக்கம் போகச் சொல்லல. இந்தப் பக்கம் கொட்டின தண்ணியத் தொடைக்கச் சொன்னீங்க. தொடச்சேன். காலையிலேர்ந்து உங்களுக்கு நான் ஹால்காரியாத்தான் இருந்தேன், இந்த அஞ்சு நிமிஷத்துக்கும் அப்படியே இருந்துட்டுப் போறேன். வேலை போனாப் போகட்டும். பெருக்கறதுக்கு வேற ஹாலா இல்ல.

இந்தாங்க, போன். நீங்களே பாருங்க, மூணு பன்னெண்டுன்னு நேரம் கூடப் போட்டிருக்கு. வெளிச்சம் நல்லாத்தான் விழுந்திருக்கு. நத்தை கீழ எங்கயோ சுத்திக்கிட்டு இருக்கு, அவ அதப் பாக்கல பாருங்க. நிமிந்து என்னத்தான் பாக்கறா. யார் திரைய ஒதுக்கினதுன்னு அவளுக்கு அப்பவே தெரியும். கீழ போங்க தம்பி, அவ கையெழுத்துப் போடறதுக்குள்ள போங்க.