வெளிக்கிடு

ஓடுகிறேன். வலது கக்கத்தில் ஒரு பெண் குழந்தை. இடது கையில் இழுபட்டு வருகிற ஒரு பையன். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பிடித்துக்கொண்டேன். பையன் கையில் இன்னும் பாதி வடை. முன்னால் மண்டபத்து வாசல். இருபது அடி இருக்கும். பின்னால் சிரிப்புச் சத்தம்.

ஆமாம், சிரிப்புதான். இலை நிறையப் பொங்கலை வைத்துக்கொண்டு சொந்தபந்தம் எல்லாம் சிரிக்கிறது.

முதல் சத்தம் 'புஸ்'. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. ஆனால் நிற்கவில்லை. அடுத்தது தகரம் கிழிகிற சத்தம். மூன்றாவதை நான் காதால் கேட்கவில்லை. முதுகால் கேட்டேன். படிக்கட்டில் பிள்ளைகள் கீழே, நான் மேலே. என் சட்டை எரிகிறது.

இது திருவண்ணாமலை. வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபம். 2003, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே முக்கால். விசேஷம் காதுகுத்து.

என் பெயர் செல்வராஜ். ஊர் கீழ்பென்னாத்தூர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். இதை எழுதச் சொன்னவர்கள் போரைப் பற்றித்தான் கேட்டார்கள். மண்டபத்தில் நடந்ததும் அதே போர்தான் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

1989. இலங்கையின் வடக்கு. மாசி மாதம், முற்பகல். ஒன்பது பேர் ரோந்து போகிறோம். முன்னால் அதிகாரி. வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. அவருக்குப் பின்னால் ஹவில்தார் ஏழுமலை. திருவண்ணாமலைக்காரர். எங்களுக்கு மொழிபெயர்ப்பு அவர்தான். ஜனங்கள் தமிழில் சொல்வதை அவர் அதிகாரிக்கு இந்தியில் சொல்ல வேண்டும். எங்களில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கு பேர். நான் வரிசையில் கடைசி.

இரண்டு பக்கமும் பனையோலை வேலி. நடுவில் குறுகலான மண் பாதை. ஒரு வீட்டுக் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கிறது. சட்டென்று நிற்கிறது. வேலிக்கு மேல் ஒரு பெண்ணின் தலை தெரிகிறது. முப்பது வயது இருக்கும். கத்துகிறாள்.

"வெளிக்கிடுங்கோ! கெதியா வெளிக்கிடுங்கோ!"

எங்கள் ஊரில் 'வெளிக்கி' என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு போகிற சமாச்சாரம். நான்கு தமிழர்களும் சிரித்துவிட்டோம். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். ஏழுமலைக்குக் கிண்டல் ஜாஸ்தி. எங்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அவசரம்னா ஓரமா போய்ட்டு வரச் சொல்லுதுடா அந்தம்மா."

அதையே இந்தியிலும் சொன்னார். அதிகாரியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடி வருகிறாள். திரும்பிப் போங்கள் என்று இரண்டு கையாலும் தள்ளித் தள்ளிக் காட்டுகிறாள். கை வாளியைக்கூட விடவில்லை.

'டிக்'. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். கண்ணிவெடி. அதற்குப் பிறகு மண் மேலே இருந்தது, நான் கீழே இருந்தேன்.

கண் திறக்கிறேன். எனக்கு முன்னால் நடந்தவனின் பூட்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உள்ளே கால் இருக்கிறது. ஆள் இல்லை. அதிகாரியின் தொப்பி பனைமட்டையில் தொங்குகிறது. அந்தப் பெண் வேலிமேல் மல்லாந்து கிடக்கிறாள். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. வாளி உருண்டு வந்து என் முட்டியில் இடித்து நின்றது. என் இடது கையில் இரண்டு விரலைக் காணோம். இடது காதில் ஒரு விசில் ஆரம்பித்தது. இன்றுவரை அந்தக் காதில் அது மட்டும்தான் கேட்கிறது.

தொடை கிழிந்த ஏழுமலைதான் என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அரை மணி நேரம் இழுத்தார்.

ஆஸ்பத்திரியில் தரை கூட்டுகிற உள்ளூர்ப் பெரியவரிடம் அவர் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். பெரியவர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"வெளிக்கிடுறதெண்டா புறப்படுறது ஐயா. கெதியா எண்டா சுறுக்கா. உடன போங்கோ எண்டு சொல்லியிருக்கினம்."

ஏழுமலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினார். கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் காவல் வேலை. அவர் வீட்டுக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். ஆசாரி எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தார், ஏழுமலை மசியவில்லை. நானும் சில வருஷம் கழித்து என் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வாரத்துக்கு ஒருமுறையாவது பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போவேன்.

அவர் மகனுக்குக் கல்யாணம் ஆனது. பேத்தி பிரியா பிறந்தாள், மூன்று வருஷம் கழித்துப் பேரன் தினேஷ். பட்டாளத்தில் எங்களை விரட்டி வேலை வாங்கிய மனிதர் பேத்திக்கு ரெட்டைச் சடை பின்னுவார். வகிடு கோணினால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார். இரண்டையும் மொபெட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். பிள்ளைகள் சாப்பிடாமல் அவர் தட்டில் கை வைத்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பயிற்சி. பிள்ளைகள் ஏதாவது விளையாட்டில் இருக்கும்போது திடீரென்று கத்துவார். "வெளிக்கிடு!" கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, அம்மாவைக்கூடப் பார்க்காமல், தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் கம்பம் வரை ஓட வேண்டும். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. தெருவே சிரிக்கும். 'தாத்தாவுக்கு வெளிக்கி வந்துடுச்சி' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாட்டே கட்டிவிட்டார்கள்.

மருமகள் சுமதி டீச்சர். அவளுக்கு மானம் போயிற்று. என் எதிரிலேயே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"வேற வார்த்தையே கெடைக்கலீங்களா மாமா? ஸ்கூல்ல எல்லாம் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும்மா. இதுங்க ரெண்டும் சிரிக்காம ஓடுனா போதும்."

அவள் உள்ளே போன பிறகு என்னிடம் சொன்னார். "அந்தம்மா உசுரக் குடுத்து ஒரு வார்த்த குடுத்துச்சி. அத நான் சிரிப்பாக்கிட்டேன் செல்வராஜு. அந்த வார்த்தைய நான் வேற எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

எனக்கு முன்னால் நின்றவனின் பூட்ஸ்தான் ஞாபகம் வந்தது.

மறுபடி மண்டபம். பிரியாவுக்கு எட்டு வயது, தினேஷுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் சேர்த்துக் காதுகுத்து. முன் கூடத்தில் தாய்மாமன் மடியில் தினேஷ் உட்கார்ந்திருக்கிறான். பிரியாவுக்கு முடிந்தது. அவனுக்கு ஒரு காது முடிந்தது. பத்தர் அடுத்த காதுக்குக் கம்பியை எடுக்கிறார். உள்ளே பந்தி நடக்கிறது. நான் வாசல் ஓரத்து இலையில். ஏழுமலை சமையல் கொட்டகைக்குப் போயிருந்தார். பிள்ளைகளுக்குக் காரம் கம்மியாகச் சட்னி வேண்டும் என்று கேட்கப் போனார்.

கொட்டகைக் கதவில் அவர் முகம். வெளுத்திருக்கிறது. பின்னால் சிலிண்டர் குழாயில் நீலமாகத் தீ.

"வெளிக்கிடு! வெளிக்கிடு!"

தீ என்று சொல்லியிருக்கலாம். நெருப்பு என்று சொல்லியிருக்கலாம். பத்து வருஷத்துக்கு மேலாக ஆபத்துக்கு அவர் நாக்கில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

தினேஷ் மாமன் மடியிலிருந்து குதிக்கிறான். பிரியா அவன் கையைப் பிடிக்கிறாள். ஓடுகிறார்கள். பத்தர் கம்பியோடு நிற்கிறார். மாமன் "டேய், இன்னொரு காதுடா!" என்று துரத்திக்கொண்டு வெளியே போகிறான். அதனால் பிழைத்தான். பந்தியில் யாரோ "பெரியவருக்குத் தாங்கலடா, வழி உடுங்க" என்கிறான். பந்தி மொத்தமும் சிரிக்கிறது. சுமதி மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, மாமனாரை அடக்க அவரைப் பார்த்துப் போகிறாள். அவர் அவளை இரண்டு கையாலும் பின்னால் தள்ளினார். கிணற்றடிப் பெண் தள்ளிக் காட்டினாளே, அதே மாதிரி. ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் திரும்பினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

நான் ஓடினேன். எழுந்திருக்கும்போதே கை இரண்டு பிள்ளைகளைப் பிடித்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

கணக்குச் சொல்கிறேன்.

மாசி மாதத்துப் பாதையில் உயிர் போனவர்கள்: அதிகாரி ஒருவர், சிப்பாய்கள் நான்கு பேர். கிணற்றடியிலிருந்து ஓடி வந்த பெண் ஒருத்தி. அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஏழுமலைக்கும் தெரியாது. விசாரிக்காமல் விட்டோம். என் இரண்டு விரல், ஒரு காது.

வேங்கிக்காலில் போனவர்கள்: சமையல்காரர் ஒருவர். கொட்டகைக் கதவோரம் கடைசி வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த அக்காள், தங்கை இரண்டு பேர். ஹவில்தார் ஏழுமலை. வயது ஐம்பத்தெட்டு. கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். சுமதிக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை தீ. பிழைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவள்தான் கத்துகிறாள். அந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

பிள்ளைகளை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தது ஒரு மணி நேரம் கழித்து. மண்டபத்துத் தெருக்கோடியில், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தடியில் நின்றார்கள். கைகோத்து, சாலையைப் பார்த்து, திரும்பாமல். தினேஷின் ஒரு காதில் தோடு. இன்னொரு காதை அதற்குப் பிறகு அவன் குத்தவிடவில்லை.

இன்னும் ஒன்று கணக்கில் வர வேண்டும். அந்தப் பந்தியில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். 'நெருப்பு, ஓடுங்க' என்று மாற்றிச் சொல்ல ஒரு மூச்சு போதும். 1989இல் மாற்றிச் சொல்ல வேண்டியவர் ஏழுமலை, தப்பாகச் சொன்னார். 2003இல் மாற்றிச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவே இல்லை.