லோரன் தானே செய்த வேலை

படகுக்குள் சுடுதண்ணீர் வருவது பெரிய சுகம், ஐயா. எங்கள் நோவா ஸ்கோஷியாக் கடலில் கையை நனைத்தவருக்கு அது தெரியும். என்ஜின் சூட்டை ஒரு குழாய்ச் சுருள் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனால் போதும். ஒரு கோடையில் லோரன் நிக்கிளின் படகில் புதுத் தொட்டி வைத்து அதை இணைத்தவன் நான். படகின் அடியில் குப்புறப் படுத்து, முழங்கைத் தோல் உரிய இணைத்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில், படகுக்காரர் சங்க விருந்தில் லோரன் எழுந்து நின்றான். "என் படகுல ஒரு ஆணியக்கூட அடுத்தவன் தொட்டதில்ல. எல்லாம் இந்தக் கைதான்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சண்டைக்காரன் இல்லை.

பனிக்கு முன் தொட்டியையும் குழாய்களையும் வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். வடித்தபின் குடிதண்ணீர்க் குழாயில், பனியில் உறையாத இளஞ்சிவப்புத் திரவம் விடுவோம். வாயில் பட்டாலும் பாதகமில்லை. பச்சைத் திரவம் என்ஜினுக்கு மட்டும்; அது விஷம். வருஷா வருஷம் அவன் படகுக்கு இதைச் செய்தவனும் நான்தான். அந்த முறை, "எல்லாம் உன் கைதானே, நீயே செய்யேன்" என்றேன்.

அவன் பச்சைக் கேனைத் தூக்கினான். "என்ஜின் சூட்டுல வர்ற தண்ணிதானப்பா? அப்ப என்ஜினுக்கு ஊத்துறதத்தான் இதுக்கும் ஊத்தணும். என்ன பர்ட்டன், சரிதானே?"

"உனக்குத் தெரியாததா" என்றேன். தொட்டி நிறைய ஊற்றினான்.

வசந்தத்தில் அதையெல்லாம் வெளியேற்றி அலச வேண்டும். "கை விறைக்குதுப்பா, அலசுற வேலைய மட்டும் நீ பாத்துக்க" என்றான். மறுநாள் கேட்டபோது, "ஆச்சு" என்றேன். நான் தொட்டியைத் தொடவே இல்லை. தெரிந்துதான் இருந்தேன், ஐயா. மறைக்கவில்லை.

படகு இறங்கும் நாளில் முதல் தேநீரைத் தொட்டித் தண்ணீரில் போடுவது எங்கள் வழக்கம். இங்கே தேநீரைக் கறுக்கக் கொதிக்கவிட்டுப் பால் ஊற்றுவோம், பச்சை தெரியாது. லோரன் குவளை குவளையாகக் குடித்தான். "அட, சக்கரையே போடல, என்னமா இனிக்குது பாரு! புதுத் தொட்டியோட ராசி" என்றான். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவன் மனைவி எல்வா வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம்தான். குவளைக்குக் கை நீட்டினாள். ஓட்ஸ் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன், வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாதே என்று.

இருவரையும் ஒன்றாகத்தான் அடக்கம் செய்தோம். தேவாலயத்தில் நானே எழுந்து பேசினேன். "லோரன் தன் படகை அடுத்தவர் தொட விட்டதில்லை. எல்லாம் அவன் கைதான்" என்றேன். அழாதவர் இல்லை. என் உழைப்புக்கு வரவேண்டிய பெயரை, ஊரார் முன்னால், முழுசாக அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். மனசில் வஞ்சம் இருக்கிறவன் அப்படிச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.