செல்வரத்தினத்துக்கான மென்தோட்டாக்கள்

காலை உணவுக்குப் பின் மேசையைத் துடைக்காமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. கிளென் ஈடனில், என் வீட்டுக் கராஜில் இருக்கும் மேசையை உங்கள் பொலிஸ் ஆட்கள் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு பொட்டுத் தூசியாவது இருந்ததா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

மாலினி, இதை அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை; ஓய்வு பெறும்வரை அதிலேதான் கணிதம் படிப்பித்தேன். ஆனால் பயம் வந்தால் தமிழ்தான் எனக்கு வரிசை குலையாமல் நிற்கிறது. இன்று பயமாக இருக்கிறது. சிறைக்கு அல்ல. நான் சொல்வதை நீங்கள் நம்பாமல் விட்டுவிடுவீர்களோ என்றுதான்.

“ஐயா, கொஞ்சம் மெல்லச் சொல்லுங்க. அவருக்கு நான் சொல்லணும்ல” என்கிறார் மாலினி. மலேசியப் பிள்ளை, பொறுமைசாலி. மெல்லவே சொல்கிறேன்.

செல்வரத்தினத்தின் சாவு ஒரு விபத்து என்று என் மகள் வித்தியா உங்களிடம் கூறியிருக்கிறாள். அப்பாவுக்கு இப்போது ஞாபகம் சரியில்லை, அளவு பிழைத்துவிட்டது என்றாளாம். பொய் சொல்லும் பிள்ளையாக நான் அவளை வளர்க்கவில்லை. அறியாமல் சொல்கிறாள். அதைத் திருத்தத்தான் நானாகவே இங்கு வந்தேன்.

செல்வரத்தினம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிமார் போன பிறகு எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே பொழுதுபோக்கு ரிவால்வர் கிளப். ஞாயிறுதோறும் போய்க் காகித வட்டங்களைச் சுடுவோம். அவருடைய மணிக்கட்டு மூட்டுவாதத்தால் வீங்கியது. கடையில் வாங்கும் தோட்டா உதைக்கிற உதையில் கண்ணில் நீர் வந்துவிடும். கிளப்பை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவருக்காக மென்தோட்டா செய்யத் தொடங்கினேன்.

அது பெரிய வித்தையில்லை. சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, கொஞ்சமாக வெடிமருந்து விட்டு, ஈயக்குண்டை வைத்து வாயை இறுக்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே அளவாக இருந்தால் குண்டும் ஒரே இடத்தில் போய் விழும். குறி என்பது கையில் பாதி, இந்தச் சமத்தில் பாதி. முதல்முறை சுட்டுவிட்டுச் செல்வரத்தினம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“மாஸ்டர், உங்கட தோட்டா வெடிக்கேல்லை. இருமுது.”

ஆனால் அன்று அவருடைய வட்டத்தின் நடுவில் துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

மென்தோட்டாவில் ஒரு சங்கடம் உண்டு. மருந்து கோதின் அடியில் சிறிது கிடக்க, மேலே வெற்றிடமாக இருக்கும். மறதியாக ஒரே கோதில் இரண்டு தடவை விட்டுவிட்டாலும் அது வழிந்து நம்மை எச்சரிக்காது. சுடும்போது துப்பாக்கியே சிதறிவிடும். அதனால் கோதுகளை மரப்பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றினுள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். செல்வரத்தினத்தின் கண்ணில் புரை தொடங்கியிருந்தது; கோதின் இருண்ட அடி அவருக்குத் தெரியாது. ஆகவே டோர்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

பிறர் செய்த தோட்டாவைச் சுடக் கூடாது என்பது எங்கள் கிளப்பின் விதி. அவர் நேர்மையானவர், பொய் சொல்ல விரும்பவில்லை. கடைசியில் வாயை இறுக்கும் கருவியின் கைப்பிடியை மட்டும் வலியோடு வலியாகத் தானே இழுப்பார். “இப்ப இது நான் செய்ததுதானே, மாஸ்டர்?” என்று கேட்பார். ஓம் என்பேன்.

போன மாதம் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். ஐயர் பெயர் கேட்டார். மகளின் பெயர் வரவில்லை. நாக்கின் நுனியில் இருந்தது என்று சொல்ல மாட்டேன், எங்கேயுமே இருக்கவில்லை. ஐயர் தட்டோடு காத்து நின்றார். பின்னால் நின்ற செல்வரத்தினம் “வித்தியா, பூச நட்சத்திரம்” என்றார்.

திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினார்.

“மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. போன கிழமை அடுப்பை நிப்பாட்டாமல் வந்திட்டீங்கள். நேற்று ஒரே கதையை எனக்கு ரெண்டுதரம் சொன்னீங்கள். நான் வித்தியாவோட கதைக்கப்போறன்.”

“என்னத்தைக் கதைக்கப்போறீர்?”

“தனிய இருக்கேலாது எண்டுதான். நல்ல ஹோம்கள் இருக்கு. நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன்.”

நாங்கள் இருவரும் எங்கள் நண்பர் மணியத்தைப் பார்க்க அப்படியொரு முதியோர் ஹோமுக்குப் போயிருக்கிறோம். மணியம் ஒரு பெரிய வங்கியில் அதிகாரியாக இருந்தவர். மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தை முதலில் தின்றுவிட்டது. அன்று அவர் “தண்ணி, தண்ணி” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கனிவான ஒரு பெண் வந்து அவருடைய கன்னத்தைத் தட்டி, டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போனாள். நான் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் போகாத நாட்களில் யார் கொடுப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்தேன். அந்த யோசனை பிறகு நிற்கவேயில்லை.

பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே பழகியவன் நான். இதற்கும் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு காட்டில் இரவுக் காவல் ஆந்தையுடையது. வயதாகி அதன் பார்வை மங்கியது. பக்கத்துக் கிளை வௌவாலைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ‘பயப்படாதே, அரசரிடம் சொல்லி உனக்கு ஓய்வு வாங்கித் தருகிறேன்’ என்றது வௌவால். அன்போடுதான் சொன்னது. இந்தக் கதையில் கெட்டவர் ஒருவருமில்லை; ஆகவே இது வகுப்பில் சொல்லத் தகுந்ததல்ல.

வித்தியா நகரத்தின் வடக்கே ஆல்பனியில் இருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுவதாகச் செல்வரத்தினம் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, வழக்கம்போல என் கராஜுக்கு வந்தார். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் மருந்து விட்டேன். ஒரு கோதில் மட்டும் மறுபடியும் விட்டேன். பலகை முழுவதும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றேன். அவர் வந்து உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தார். அந்தத் தோட்டாவின் வாயை இறுக்கியது அவருடைய கை. நான் அவரை வற்புறுத்தவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றேன். பெட்டியில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கலந்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். போதும் என்று கை காட்டியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. முதல் சுற்று முடிந்ததும் அவர் காதுக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு, “இண்டைக்கும் நல்லா இருமுது, மாஸ்டர்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த சுற்றில் அது இருமவில்லை. ரிவால்வர் உருளையின் பாதியும் அதன் மேலிருந்த இரும்பும் பெயர்ந்து அவருடைய நெற்றியில் பாய்ந்தன.

அவருடைய கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. தோட்டா என் மேசையில் செய்யப்பட்டது என்று தெரிந்ததும், கிழவனின் மறதி என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். வித்தியா ஹோமுக்கு என் பெயரைப் பதிந்துவிட்டாள். அழுதுகொண்டே பதிந்தாளாம். ஆகையால்தான் சொல்கிறேன். பிழை விடுகிறவன் எங்கே விட்டான் என்று அறியமாட்டான். நான் அறிவேன். ஒரு கோதில், ஒரே ஒரு கோதில், தெரிந்தே விட்டேன். நான் கொலை செய்தவன், மறதிக்காரன் அல்லன். என் மகளுக்கு இதை எழுத்தில் கொடுங்கள்.

அதிகாரி ஏதோ நெடுநேரம் சொல்கிறார். மாலினி என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

“ஐயா, பெட்டியில மிச்சமிருந்த தோட்டாவ எல்லாம் பிரிச்சுப் பார்த்துட்டாங்களாம். இன்னும் நாலு தோட்டாவில ரெண்டு மடங்கு மருந்து இருந்துச்சாம்.”

இருக்க முடியாது. டோர்ச் அடித்து நானே பார்த்தேன். மருந்தை நிறுத்துப் பார்த்தவர்கள் பிழை விட்டிருப்பார்கள்; இன்னொரு தடவை நிறுக்கச் சொல்லுங்கள்.

“அது மட்டும் இல்லைங்க. கிளப் கார் பார்க்ல நீங்க வேற யாருக்கோ இதே மாதிரி ரெண்டு பெட்டி குடுத்ததை ஒருத்தர் தூரத்தில இருந்து பார்த்திருக்காரு. ஆள் யாருன்னு அவருக்குத் தெரியலை. நாளைக்குப் போட்டி இருக்காம் ஐயா. யாருக்குக் குடுத்தீங்கன்னு கேக்குறாரு. தயவுசெஞ்சு யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது, மாலினி? ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். கொடுத்திருந்தால் எனக்கு நினைவிருக்கும்.