பெரட்டுக்கு வராத கருவி

டீயைக் குடியுங்கள், சப்ராஸ் சேர். இஞ்சி தட்டிப் போட்டது, ஆறினால் கஷாயமாகிவிடும். கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கும்போது, விசாரணைக்கென்று கொழும்பிலிருந்து ஒன்பது மணிக்காவது ஹட்டன் வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள். மற்றவர்களை விசாரித்து என் முறை வர நண்பகல் நெருங்கிவிட்டது, எனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை.

நான் பேசப் பேச இந்த மடிக்கணினி எங்கள் வலையமைப்பு வழியாக அதைத் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், அங்கே போய்ச் சேராத பேச்சு பேசாத பேச்சு என்றீர்கள். நல்ல ஏற்பாடு.

தயானிக்காகத்தான் வந்தேன். டிக்கோயாவில் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கணினி படித்து, எங்கள் கம்பெனியின் அத்தனை தோட்டத்துக் கணினிகளையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்த பிள்ளை. தொழிற்சாலை எரிந்தது அவளால்தான் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இன்றைய விசாரணையோடு வீட்டுக்கே அனுப்பிவிடுவீர்களாம். அது நியாயமில்லை.

என் பெயர் நல்லமுத்து. வாழ்நாள் முழுக்கக் கண்டாக்கு வேலை. விடிந்ததும் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்தி, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து மலைக்கு அனுப்புகிறவன். நேரத்துக்கு வந்தால் அன்றைய பேர் உண்டு. பிந்தினால் அரைப்பேர், பாதி நாள்தான் கணக்கு. வராவிட்டால் பேர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கம்பெனி விடவில்லை. நானும் கம்பெனியை விடவில்லை.

போன வருடம் எவனோ ஒருவனுடைய கைபேசியிலிருந்து ஏதோ ஏறி, சம்பளக் கணினி மூன்று நாள் படுத்துவிட்டது. உடனே, எந்தக் கருவி நம் வலையமைப்புக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று பார்க்கும் காவல் முறை ஒன்று வாங்கத் தீர்மானித்தார்கள். தெரிவுக் குழுவில் தோட்ட நிர்வாகியான பெரிய தொரை, தயானி, நான். ஆட்களை உள்ளே விட்டும் வெளியே நிறுத்தியும் பழகியவன் என்று என்னைப் போட்டார்கள்.

மூன்று நிறுவனங்கள் வந்து காட்டின. முதலாவது, சான்றிதழ் உள்ள கருவியை மட்டும் விடும். எங்கள் கொழுந்துத் தராசுகளுக்குச் சான்றிதழுக்கு எங்கே போவது? இரண்டாவது, கருவி எது என்று தானே அடையாளம் கண்டு, நோய்நொடி இருந்தால் மட்டும் ஒதுக்கி வைக்கும். தயானிக்கு அதுதான் பிடித்தது. மூன்றாவதில், மணிக்கணக்கு வைத்து நம் சட்டத்தை நாமே எழுதலாம். அந்த வசதியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று விற்க வந்தவர் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

காலை ஆறரைக்குள் கருவிகள் வந்து பேர் கொடுக்க வேண்டும், பிந்தினால் நண்பகல் வரைக்கும்தான் என்று எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

தயானி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "தராசுக்கும் புகைமணிக்கும் பெரட்டுக்கு வரத் தெரியாதுங்க கண்டாக்கய்யா. அதுக பாட்டுக்குத் தூங்கும், வேல இருந்தாத்தான் முழிக்கும்."

தூங்குகிற ஆளுக்கு எந்தக் காலத்திலும் நான் பேர் போட்டதில்லை என்றேன்.

"எங்கம்மா அழகம்மாவுக்கு அரைப்பேரு போட்டீங்க. நான் பொறந்து பத்து நாள்தான் ஆயிருந்துச்சாம். அந்தப் பழக்கம் இன்னும் போகலீங்களா?"

அம்மாவும் மகளும் ஒரே குரல். பெரிய தொரைக்கு ஒழுங்கு என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. அந்தச் சொல்லை நாலு தரம் சொன்னேன். மூன்றாவதே தேறியது.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன். திரை முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பேன். அச்சு இயந்திரங்கள் சேவலுக்கு முன்பே வந்துவிடும், தங்கமான பிள்ளைகள். வலப்பனைப் பக்கத்துத் தராசுகள் மழை என்று சாக்குச் சொல்லும். பெரிய தொரையின் கைபேசி பிந்தியே வரும். மத்தியானமானால் அவர் பள்ளிக்கூட மைதானத்துப் பாறை மேல் ஏறி நின்று கைபேசிக் கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பார். மழை வேண்டிப் பூசை செய்கிறார் என்று பிள்ளைகள் பூப்போட்டார்களாம். தொரைசாணியம்மா, நாடகம் பாதியில் நிற்கிறதென்று, விடியலில் எழுந்து தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அப்படி ஒரு ஒழுங்கை இந்த மலை கண்டதில்லை.

தீயைப் பற்றிக் கேட்கிறீர்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு, கொழுந்து உலர்த்தும் அடுப்பில் பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, காவலாளி வீரய்யாவின் மீசை மட்டும் போனது. தேயிலை எரிந்த வாசத்துக்கு டிக்கோயா வரைக்கும் ஆட்கள் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்கள். தீயணைக்க அடித்த தண்ணீர் கான் வாய்க்காலில் பிளேன்டியாய் ஓடியது. சீனி போட்டுக் குடித்தவர்கள் சாயம் கொஞ்சம் கூடுதல் என்றார்கள்.

புகைமணி ஏன் எச்சரிக்கவில்லை, அதுதானே உங்கள் கேள்வி. தயானி அதைச் சரியாக இணைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். சங்கு ஊதுகிறது. பக்கத்துத் தோட்டத்துச் சங்கு, எங்களுடையதுதான் எரிந்துவிட்டதே. பகல் பன்னிரண்டு, கொழுந்து நிறுக்கும் நேரம். ஊதி முடியட்டும்.

இப்போது சொல்கிறேன். தயானி சரியாகத்தான் இணைத்திருந்தாள். புகைமணி அன்று விழித்துக்கொண்டது. உள்ளே வரலாமா என்று என் திரையில் கேட்டது. பெரட்டுக்கு வராத கருவி. மறுத்தேன். மறுபடி கேட்டது. மறுத்தேன். இப்படி ஒரு கருவி கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தொழிற்சாலைக் கூரையில் புகை. கேட்டது நியாயம்தான். ஆனால் இன்று ஒன்றுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லாம் பிந்தி வரும். டீயைக் குடித்து முடிக்கும் வரை மறுத்துக்கொண்டே இருந்தேன்.

அவ்வளவுதான் சேர். தயானிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். மனது பஞ்சாகிவிட்டது.

ஏன் மடிக்கணினியைத் தட்டுகிறீர்கள்? அதில் பழுது இல்லை. தயானியை நிறுத்தியதிலிருந்து வலையமைப்பு வாசலுக்கு நான் ஒருவன்தான். நீங்கள் ஒன்பது மணிக்குத்தானே வந்தீர்கள். நானாகப் பார்த்து அரைப்பேர் போட்டேன். சங்கோடு முடிந்துவிட்டது.

நாளைக்கு ஆறரைக்குள் வந்துவிடுங்கள், முழுவதும் இன்னொரு தரம் சொல்கிறேன். என் வயதில் ஞாபகம் எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை.