பேய்க்கு ஒரு தட்டு

நாலு காலு இருக்கும், ஒரு அடி நடக்காது. ஆள் இருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஆள் எழுந்து போனா பளிச்சுனு தெரியும். அது என்ன?

யோசிங்க, அவசரமே இல்லை. ஹோட்டல் வாசல்லயே போர்டு வெச்சிருக்காங்களே, பேய்கிட்ட விடுகதை போடலாம், பேய் ஜாடையில பதில் சொல்லும், பேய் தோத்தா ஐஸ்கிரீம் இலவசம்னு. மேசையா? இல்லைங்க, ஆனா கிட்ட வந்துட்டீங்க. விளக்கா? போச்சு, ரொம்ப தூரம் போயிட்டீங்க. ஆங், அதான்! நீங்க தட்டிக் காட்டறீங்களே, அதேதான். நாற்காலி. சரி, ஐஸ்கிரீம் அம்பேல்.

என் பொண்ணு போட்ட விடுகதைங்க. வர்ற வழியில கார்ல போட்டா. நான் திருதிருன்னு முழிச்சேன். கடைசியில அவளே பதிலைச் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ரெண்டாங்கிளாஸ் முடிச்ச பிள்ளை. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கறாங்களோ தெரியலை.

தப்பா நினைக்காதீங்க, நீங்க ஆம்பளையா பொம்பளையான்னுகூட எனக்குத் தெரியலை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஐயோ, வேண்டாம் வேண்டாம், சொல்லிடாதீங்க. பேய் வாயைத் திறக்கக் கூடாதுங்கறது இங்க சட்டமாமே. அந்த ஆர்டர் எடுக்கற பொண்ணு சொல்லுச்சு. மேசைக்கு ஒரு பேய், கூடவே உக்காரும், தலையாட்டும், பேசாது. வீட்டுக்கு ஒருத்தர் இப்படி அமைஞ்சா எவ்வளவு நிம்மதி! சிரிக்கறீங்க. துணி குலுங்குது பாருங்க.

மெனு கார்டைப் படிச்சேன். ரத்த ஜூஸ்னு போட்டிருக்கு, கேட்டா பீட்ரூட்டாம். கல்லறை கேக். எலும்பு சூப்ல எலும்பே கிடையாதாம், வெறும் காய்கறியாம். அப்புறம் பேய்க்கு ஒரு தட்டு இலவசம், அதுல என்ன வைக்கணும்னு மேசையில இருக்கற சின்னவங்கதான் முடிவு பண்ணணும். அது நல்லா இருக்கு. மத்த இடத்துல எல்லாம் சின்னவங்களுக்கு நாமதான முடிவு பண்றோம்.

இன்னும் ஆர்டர் குடுக்கலைங்க. என் பொண்ணு வரட்டும். அதோ, அந்த ஜன்னல் வழியா குதிரை ராட்டினம் தெரியுதா? வெள்ளைக் குதிரை, மஞ்சள் சட்டை. அதுதான் எங்க வாண்டு. கீழே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒல்லியா ஒருத்தர் நிக்கறாரே, அவர் என் மச்சான். என் மனைவியோட தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை, ஆனா அவர் கண்ணாடி மட்டும் எப்பவும் கோணலாத்தான் இருக்கும். பொண்ணைச் சும்மா கூட்டிட்டுப் போகலை. எனக்கு ஒத்திகை பார்த்துக்க நேரம் குடுத்துட்டுப் போயிருக்கார்.

ஆமாங்க, ஒத்திகைதான். அவகிட்ட இன்னிக்கு ஒண்ணு சொல்லியாகணும். சாப்பாடு வர்றதுக்குள்ள. நான் சொல்லலைன்னா மச்சானே சொல்லிடுவாராம். அத்தான், இதுக்கு மேல என்னால நடிக்க முடியாது, அவ முகத்தைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குதுன்னுட்டார். நியாயம்தான. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. புது வகுப்பு, புது டீச்சர். யாராவது ஒருத்தர் ஐயோ பாவம்னு தலையைத் தடவினா போதும், முடிஞ்சுது கதை. அதுக்கு முன்னாடி அப்பன் வாயால கேக்கணும்.

அவ அம்மா செத்துப் போயிட்டா. அதான் விஷயம். அவளுக்கு இன்னும் தெரியாது.

இல்லைங்க, நீங்க எழுந்துக்காதீங்க. உக்காருங்க, ப்ளீஸ். நீங்க இருந்தா எனக்கு உதவியா இருக்கும்.

எப்படித் தெரியாம போகும்னு நினைக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் நினைப்பாங்க. என் மனைவிக்கு கப்பல்ல வேலைங்க. பெரிய பயணிகள் கப்பல், அதுல சமையல் கட்டு. போனா மாசக் கணக்குல போவா, வந்தா கொஞ்ச நாள் இருப்பா, மறுபடி பெட்டியைத் தூக்குவா. அதனால எங்க வீட்டுல அம்மா இல்லாதது ஒரு சேதியே இல்லை. அம்மா எங்கேன்னா கப்பல்ல. அவ்வளவுதான். போன மழைக்காலத்துல ஏதோ ஒரு துறைமுகத்துல காய்ச்சல்னு இறக்கி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆச்சு. அங்கேயே எல்லாத்தையும் முடிச்சுட்டு, அவ பெட்டியோட திரும்பி வந்தேன். வாண்டுகிட்ட லைசென்ஸ் ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தேன். வந்து கதவைத் திறந்ததும் என்ன கேட்டா தெரியுமா? லைசென்ஸ் பரீட்சையில பாஸானவங்களுக்கு மிட்டாய் குடுத்தியாப்பான்னு. குடுத்தேன்னு சொன்னேன். மறுநாளே பெட்டியை என் ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்.

நான் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவன்ங்க. எங்க கார்ல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீங்க. எதிர்ல லாரி வந்தா, கத்துக்கறவங்க பதறினா, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து அழுத்திடுவேன். வருஷக் கணக்கா அழுத்தி அழுத்தி கால் தானா போயிடுது. வீட்டுலயும் அதேதான். வாண்டு, அம்மா இருக்கால்லன்னு ஆரம்பிப்பேன். அவ நிமிர்ந்து பார்ப்பா. உடனே கால் அழுத்திடும். அம்மா இருக்கால்ல, அவளுக்கு இந்த வருஷம் லீவு கிடைக்கலையாம்.

சரி, நீங்க வாண்டுவா இருங்க. நான் சொல்லிப் பார்க்கறேன். சிரிக்காதீங்க.

செல்லம், அப்பா ஒண்ணு சொல்லுவேன். அம்மா கப்பல்ல போனாங்கல்ல. அந்தக் கப்பல் வந்து... ச்சே. கப்பல் மேல பழியைப் போட்டா, நாளைக்குப் படத்துல கப்பலைப் பார்த்தாலே அழுவா. வேற மாதிரி. செல்லம், உடம்பு சரியில்லாம போனா சில பேருக்கு... அதுவும் வேண்டாம். அவளுக்கே போன வாரம் சளி. பயந்துடுவா.

நீங்க ஒரு வார்த்தை சொன்னா தேவலை. ஓட்டை வழியா பார்த்துக்கிட்டே இருக்கீங்க, வேற ஒண்ணும் இல்லை. அவளும் அப்படித்தான் பார்ப்பா.

இதோ, மச்சான் கையைத் தூக்கறார். ஆச்சான்னு கேக்கறார். இல்லைன்னு காட்டறேன். இன்னொரு சுத்துக்கு டிக்கெட் வாங்கறார் பாருங்க. நல்ல மனுஷன்.

மீதியையும் சொல்லிடறேன். மச்சானுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நீங்க வெளியே சொல்ல முடியாதுங்கற தைரியத்துலதான் சொல்றேன்.

கப்பல்ல சிக்னல் சரியா கிடைக்காதுன்னு, என் மனைவி பேச மாட்டா, எழுதித்தான் அனுப்புவா. வாண்டு வீட்டு டேப்லெட்லேர்ந்து அனுப்புவா, அவ கப்பல்லேர்ந்து அனுப்புவா. ரெண்டு பேருக்கும் அதுதான் உலகம். நான் பெட்டியோட வந்த அன்னிக்கு, அதுல இருந்த போனை எடுத்து சார்ஜ் போட்டேன். ஏன் போட்டேன்னு கேக்காதீங்க. போட்டேன். ஆன் ஆனதும் டிங்னு ஒண்ணு வந்துச்சு. அம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு, ரத்தம் கொஞ்சம்தான் வந்துச்சு, நான் அழலைன்னு. பக்கத்து ரூம்லேர்ந்து அனுப்பியிருக்கா. நான் பதில் எழுதிட்டேங்க. என் விரல் எழுதிடுச்சு. சமத்து, சமத்து, சமத்து. என் மனைவி எதையும் மூணு வாட்டி எழுதுவா.

அன்னிக்குத் தொடங்கினது. இன்னிக்கு வரைக்கும் நான்தான் அவ அம்மா.

உங்களுக்கு இந்தத் துணி, எனக்கு அந்த போன். ஆனா உங்க வேஷத்தைச் சாயங்காலம் கழட்டி மாட்டிடுவீங்க. எனக்கு வர வர எது நான், எது அவள்னு பிடிபட மாட்டேங்குது. ஒரு நாள் வாண்டு எழுதினா, அம்மா, யூனிஃபார்ம்ல பட்டன் போயிடுச்சு, வேற பட்டன் எங்க இருக்குன்னு. நான் பாட்டுக்கு எழுதினேன், மேல் அலமாரியில, டார்ச் லைட்டுக்குப் பின்னாடி, நீல டப்பாவுலன்னு. சத்தியமா எனக்கு அது தெரியாதுங்க. எங்க வீட்டுல பட்டன் எங்க இருக்குன்னு நான் பார்த்ததே இல்லை. ஏதோ ஒண்ணு எழுதணுமேன்னு எழுதினேன். அவ ஸ்டூலைப் போட்டு ஏறினா. டார்ச் லைட். அதுக்குப் பின்னாடி நீல டப்பா. உள்ளே பட்டன்.

நீங்களும் ஆடாம உக்காந்துட்டீங்க பாருங்க. எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் ஆச்சு.

எப்பவோ தெரிஞ்சது மனசுல கிடந்திருக்கும்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா அதுக்கப்புறம் அந்த போனைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவிக்கறேன். ஏன்னு எனக்கே தெரியலை.

இப்ப கொஞ்ச நாளா வாண்டுவும் ஒரு மாதிரியா எழுதறா. முன்னாடி எல்லாம் நான், நான், நான்னுதான் வரும். நான் ஓடினேன், நான் விழுந்தேன், எனக்கு பொம்மை வேணும். இப்ப அப்படி இல்லை. அம்மா, நீ சாப்பிட்டியா? சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கோ. முந்தாநாள் என்ன எழுதினா தெரியுமா? பல்லு வலி குறைஞ்சுதா அம்மா, உப்புத் தண்ணியில கொப்பளின்னு. என் மனைவிக்குப் பல்லு வலியே வந்தது கிடையாதுங்க. எனக்குத்தான் ஒரு வாரமா உயிர் போகுது, இதோ இந்தப் பக்கம், வீங்கியிருக்கே. பிள்ளைதான, எதையாவது எங்கயாவது கோத்துடும்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க?

ஒரு நிமிஷம். டிங்னு என் பையிலதான் அடிக்குது. இல்லை, இது என் போன் இல்லை. என் மனைவியோட போன். கூடவே வெச்சிருப்பேன். ராட்டினத்துலேர்ந்து இறங்கிட்டா போல, மாமா போன்லேர்ந்து அனுப்பியிருக்கா. கண்ணாடி எங்க வெச்சேன். படிக்கறேன் இருங்க.

அம்மா, நாங்க பேய் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கோம். அப்பாவுக்குப் பயமா இருக்குன்னு நினைக்கறேன். உள்ளே தனியா உக்காந்திருக்கார். நான் வர்ற வரைக்கும் கூட இரு.

...

இதுக்கு என்னங்க எழுதறது. எப்பவும் கை முந்திக்கும். இப்ப நகர மாட்டேங்குது. சரி சரி சரின்னு எழுதலாமா? அவ அப்படித்தான் எழுதுவா. நீங்க தலையாட்டறீங்களா, இல்லை அந்த ஃபேன் காத்துக்குத் துணி ஆடுதா?

எழுதலை. வெச்சுடறேன். போதும். இனிமே இதைச் சார்ஜ் போடக் கூடாது.

வந்துட்டாங்க. மச்சான் முகத்தைப் பாருங்க, பரீட்சை ஹாலுக்குள்ள வர்ற மாதிரி வர்றார். நான் சொல்லிடுவேன். உக்காந்ததும் சொல்லிடுவேன். என் காலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க, பிரேக்கை அழுத்தறதுக்குள்ள.

வா வா வா, எப்படி இருந்துச்சு குதிரை? தலை சுத்துதா? இங்க உக்காரு, பேய்க்கும் எனக்கும் நடுவுல. மச்சான், நீங்க அந்தப் பக்கம். கடிக்காதுடா, நல்ல பேய். உன் விடுகதைக்குச் சரியா பதில் சொல்லிடுச்சு, ஐஸ்கிரீமுக்கு அப்பாதான் தண்டம் அழணும். ம்? ஆமா, இவ்வளவு நேரம் என்கூடதான் இருந்துச்சு. இல்லையே, அப்பாவுக்கு என்ன பயம். செல்லம், அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா இருக்கால்ல...

இதோ, ஆர்டர் எடுக்க வந்துட்டாங்க. இரும்மா, முதல்ல பேய்க்குத்தான் சொல்லணுமாம். நீதான் சொல்லணும், நீதான் சின்னவ. மூணு இருக்கு பாரு, எலும்பு சூப், மீன், கேக். எது வேணும்னு நீயே சொல்லு.

என்னம்மா? சத்தமா சொல்லு, அக்காவுக்குக் கேக்கலை.

சூப் எழுதிக்குங்க. மீன் வேண்டாமாம். அம்மாவுக்கு மீன் பிடிக்காதாம்.